மடித்து மறைக்கப்பட்ட தலை: ஹன்னா ரிக்கெனின் தறியை வாசித்தல்

1937இல் பாரீசில் நடந்த உலகக் கண்காட்சியில், நார்வே அரங்கின் சுவரில் ஒரு நெசவுத் துணி தொங்கியது. அதன் பெயர் ‘எத்தியோப்பியா’. நெய்தவர் ஹன்னா ரிக்கென். 1935இல் முசோலினியின் படைகள் எத்தியோப்பியாவுக்குள் நுழைந்த செய்தியைப் படித்த கையோடு, அதே ஆண்டில் அவர் தறியில் ஏற்றியது அது. அதன் ஒரு பகுதியில் முசோலினியின் தலை ஈட்டியில் குத்தப்பட்டிருக்கிறது. ஆனால் பாரீசுக்கு வந்த பார்வையாளர்கள் அந்தத் தலையைப் பார்க்கவில்லை. இத்தாலியின் மனம் கோணிவிடக் கூடாது என்று அந்தப் பகுதியை மட்டும் மடித்து மறைத்துவிட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் வந்தது. எவ்வளவு எளிதான தணிக்கை! ஓவியமாக இருந்திருந்தால் மொத்தமாக எடுத்திருக்க வேண்டும், அல்லது மேலே எதையாவது போட்டு மூடியிருக்க வேண்டும். மூடியது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். துணி என்பதால் கத்தரிக்கோல்கூடத் தேவைப்படவில்லை. புடவைத் தலைப்பில் கறை பட்டால் நாம் உள்பக்கமாக மடித்துச் செருகிக்கொள்கிறோமே, அப்படி முடித்துவிட்டார்கள்.

அதே கண்காட்சியில், ஸ்பெயின் அரங்கில், பிக்காசோவின் ‘குவெர்னிகா’ இருந்தது. ஹன்னா ரிக்கெனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. இதோ, நானும் சொல்லிவிட்டேன். ‘குவெர்னிகா’வுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நெய்யப்பட்டது ‘எத்தியோப்பியா’ என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். ஒரு நெசவாளியின் அரசியலுக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆண் ஓவியரைப் பக்கத்தில் நிறுத்தவேண்டியிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய முதல் எரிச்சல்.

ஹன்னா 1894இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், லுண்ட் நகரில் ஃபிரெட்ரிக் கிரெப்ஸ் என்ற டேனிஷ் ஓவியரிடம் ஆறு ஆண்டுகள் ஓவியம் கற்றார். 1922இல் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போனபோது ஹன்ஸ் ரிக்கென் என்ற நார்வே ஓவியரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு திருமணம். 1924இல் மகள் மோனா பிறந்தாள். நார்வேயின் டிரோன்ஹெய்ம் கடற்கழியின் வாயில் இருக்கும் ஓர்லாந்தில், ஹன்ஸின் சொந்த மண்ணில், ஒரு சிறு பண்ணையில் குடியேறினார்கள். மின்சாரம் கிடையாது. குழாய்த் தண்ணீர் கிடையாது. சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் ஹன்னா தூரிகையை விட்டுவிட்டு நெசவைத் தானாகவே கற்றுக்கொண்டார். ஹன்ஸ் அவருக்கு ஒரு நெட்டுத் தறி செய்துகொடுத்தார். 1970இல் இறந்த ஹன்னாவின் வாழ்நாள் வேலை அந்தத் தறியில் தொடங்கியது.

அவர் செய்தது எப்படிப்பட்ட நெசவு என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நார்வேயில் இதற்கு ‘பில்லெட்வெவ்’ என்று பெயர். படநெசவு என்று அப்படியே தமிழில் சொல்லிவிடலாம். கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கோர்வையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் வெவ்வேறு நாடாவில் வந்து, சேருமிடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்பும். படநெசவில் துணி முழுவதுமே இந்தக் கதைதான். ஒரு கன்னத்துக்கு ஓர் ஊடை, ஒரு சட்டைக் கைக்கு ஓர் ஊடை, ஓர் அலைக்கு ஓர் ஊடை. ஒவ்வொன்றும் தன் எல்லைவரை போய்த் திரும்பிவிடும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பறக்கும் நாடா இதில் கிடையாது. ஊடையை அடித்து அடித்து நெருக்குவதால் பாவு கண்ணுக்கே தெரியாமல் மூடிப்போகும். எத்தனை அவசரம் இருந்தாலும் வேகமாக முடிக்க வழியில்லாத வேலை.

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தத் துணிகள் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. புத்தகத்திலும் திரையிலும் நகல்களாகப் பார்த்ததுதான். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் வாய்க்கும். ஆனால் நகலுக்கு ஒரு குணம் இருக்கிறது. அது துணியைத் தட்டையாக்கிப் படமாக்கிவிடும். கம்பளியின் தடிப்பு போய்விடும், சாயத்தின் ஏற்ற இறக்கம் போய்விடும், முகங்கள் மட்டும் மிஞ்சும். ஹிட்லர், முசோலினி, சர்ச்சில், ஜான்சன். ஹன்னாவைப் பற்றிய கட்டுரைகளில் இந்த ஆண்களின் பெயர்கள் ஏன் இவ்வளவு அடிபடுகின்றன என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கடந்த சில ஆண்டுகளில் அவர் மீண்டும் கண்டெடுக்கப்பட்டிருக்கிறார். 2012இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா கலைக்காட்சியில் அவரது துணிகள் வைக்கப்பட்டன. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டில் தனிக் கண்காட்சி, 2019இல் ஃபிராங்ஃபர்ட்டில் இன்னொன்று. மாரிட் பாஷே அவரைப் பற்றிய விரிவான நூலை எழுதியிருக்கிறார். மகிழ்ச்சிதான். ஆனால் இந்த மறுகண்டெடுப்பில் இரண்டு ஹன்னாக்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஒருவர், நாஜிகளை நூலால் எதிர்த்த வீராங்கனை. இன்னொருவர், ஆடு வளர்த்து, கம்பளி நூற்று, மரப்பட்டையில் சாயம் காய்ச்சிய இயற்கையின் மகள். முதல் ஹன்னாவைப் பற்றிப் பேசும்போது தறி ஒரு சுவரொட்டி அச்சகம்போல ஆகிவிடுகிறது. இரண்டாவது ஹன்னாவைப் பற்றிப் பேசும்போது அரசியல் மறைந்து அடுப்படிப் புகையும் பச்சிலை வாசமும் வந்துவிடுகின்றன. இரண்டு பேரும் ஒரே பெண் என்பதை, அதுவும் ஒரே செயலில் ஒரே பெண் என்பதை, எப்படி எழுதுவது?

எனக்கு வழி காட்டியவர் என் அத்தை. அவர் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனவர். நாற்பது ஆண்டுகள் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றினார். பாவு புணைக்கும்போது கூட நின்றார். கோர்வை போடும்போது தறியின் மறுபக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறை அவரிடம், “அத்தை, எத்தனை வயசுல நெய்ய ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டேன். சிரித்தார். “நான் எங்கம்மா நெய்யறேன்? உங்க மாமாதான் நெய்யறாரு. நான் கூடமாட ஒத்தாசை.” சங்கத்தின் பதிவேட்டிலும் அப்படித்தான். உறுப்பினர் மாமா. கூலி மாமாவின் பெயரில். அத்தையின் பெயர் அந்தப் பதிவேட்டில் எங்குமே இல்லை.

போன ஆண்டு ‘எத்தியோப்பியா’வின் நகலை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஈட்டியில் இருக்கும் தலை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது இதுதான்: “இதுக்குத் தாரு யாரு சுத்தனது?”

எந்தக் கண்காட்சிக் குறிப்பும் இந்தக் கேள்வியில் தொடங்கி நான் பார்த்ததில்லை.

பதில்: ஹன்னாதான். கம்பளியை எடுத்து, சிக்கெடுத்து, நூற்று, சாயமேற்றி, நெய்தது எல்லாம் அவர்தான். என்ன நெய்வது என்று தீர்மானித்ததும் அவர்தான். ஹன்னா தறிக்குப் பின்னால் முழு அளவு வரைபடம் வைத்துக்கொண்டு நெய்யவில்லை. உருவத்தைத் தறியிலேயே யோசித்தார். இதை அவரது திறமைக்குச் சான்றாகச் சொல்லிவிட்டுக் கடந்து போவார்கள். எனக்கு இது திறமையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஐரோப்பியப் படநெசவின் வரலாறு பெரும்பாலும் இரண்டு பேருடைய வரலாறு. ஒருவர் வரைவார், இன்னொருவர் நெய்வார். 1662இல் பாரீசில் பதினான்காம் லூயியின் ஆட்சியில் கோப்லான் பட்டறை அரசுப் பட்டறையானபோது, தலைமையில் அமர்ந்தவர் லெ புருன் என்ற ஓவியர். ஓவியர்கள் முழு அளவு வரைபடம் போட்டார்கள்; நெசவாளர்கள் அதைத் துணியாக்கினார்கள். புகழ் வரைந்தவருக்கு, முதுகுவலி நெய்தவருக்கு. கோப்லானில் நெய்தவர்கள் ஆண்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே பால்பிரிவினை என்று சொல்லிவிட முடியாது. இது முதலில் வர்க்கப் பிரிவினை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேயில் இந்தக் கலை புத்துயிர் பெற்றபோது அந்தப் பிரிவினை நேராக ஆண்–பெண் கோட்டில் வந்து விழுந்தது. ஹன்னா குடியேறிய அதே டிரோன்ஹெய்ம் வட்டாரத்தில், கெர்ஹார்ட் முந்தே என்ற ஓவியரின் வரைபடங்களை அருங்காட்சியகத்தின் நெசவுக்கூடத்தில் பெண்கள் நெய்தார்கள். துணிகள் முந்தேயின் படைப்புகள் என்றே இன்றும் அறியப்படுகின்றன. ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப்பள்ளி, ஆண் பெண் பேதமில்லை என்ற அறிவிப்போடு 1919இல் தொடங்கி, சேர்ந்த பெண்களைக் கூட்டமாக நெசவுப் பட்டறைக்கு அனுப்பி வைத்த கதை தெரிந்ததுதான். கண்ணாடி வேலை கற்க விரும்பிய அன்னி ஆல்பர்ஸ் நெசவுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ஹன்னா எதிர்த்திசையில் நடந்தார். ஆறு ஆண்டுகள் ஓவியம் படித்தவர். வரைந்து கொடுத்துவிட்டு வேறு யாரையாவது நெய்யச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது, அதற்கான மரபும் இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. வரைகிறவள், நெய்கிறவள் என்ற இரண்டு நாற்காலிகளில் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். ரோசிகா பார்க்கர் 1984இல் தையலையும் பெண்மையையும் பற்றி எழுதிய நூல் வந்த பிறகு, கலைக்கும் கைவினைக்கும் நடுவே போடப்பட்ட கோட்டில் பால்பேதம் எப்படி வேலை செய்தது என்று நாம் விரிவாகப் பேசுகிறோம். ஹன்னா அதைப் பற்றிக் கோட்பாடு எதுவும் எழுதவில்லை. தறியில் வரைபடத்தை மாட்டவில்லை, அவ்வளவுதான்.

வரைபடம் இல்லாமல் நெய்வது என்றால் என்ன? ஓவியத்தில் தப்பாகப் போட்ட கோட்டின் மேல் இன்னொரு கோடு போடலாம். தறியில் அது நடக்காது. ஓர் ஓரத்தில் தொடங்கி வரிசை வரிசையாகத்தான் போக வேண்டும். மனம் மாறினால் பிரித்தெடுக்க வேண்டும். பெரிய படத்திரைகளில் முடிந்த பகுதி பெரும்பாலும் உருளையில் சுருண்டு போய்விடும். தறியிலிருந்து அறுத்து இறக்கும்வரை முழுத்துணி நெய்பவருக்கே தெரியாது. அப்படியிருக்க, இந்தப் பெண் எடுத்துக்கொண்ட விஷயங்களைப் பாருங்கள். அன்றன்றைய செய்தித்தாள். எத்தியோப்பியப் போர். ஜெர்மன் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபொன் ஓசியட்ஸ்கியைப் பற்றி 1936இல் ‘கனவு மரணம்’. உலகப் பொருளாதாரம் சரிந்து கடனில் மூழ்கிய ஏழைகளைப் பற்றி 1933இல் ‘கடன் கடலில் மீன்பிடித்தல்’. நாளை பழையதாகிவிடும் செய்தியை, மாதக்கணக்கில் நீளும் ஒரு வேலைக்குள் கொண்டுவருகிறார். துணி தறியிலிருந்து இறங்கும்போது செய்தி பழசாகியிருக்கும். ஆனால் அவர் அதை மறந்திருக்க மாட்டார். ஒரு ஈட்டிமுனையை நெய்ய வேண்டுமென்றால் அந்த ஈட்டிமுனையோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மெதுவில்தான் அவரது அரசியல் இருக்கிறது என்று நினைக்கிறேன். முகங்களை மட்டும் நகலெடுத்துப் பேசும்போது இதைத்தான் தவறவிடுகிறோம்.

இனி அந்த வாளி. ஹன்னாவைப் பற்றிப் படிக்கும் எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை இது. அவரது நீலச் சாயத்துக்குச் சிறுநீர் வேண்டும். வீட்டுக்கு வரும் விருந்தினர்களிடம் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கிச் சேர்த்து வைப்பார். வேடிக்கையாகச் சொல்லப்படும் இதற்குப் பின்னால் இருப்பது நல்ல வேதியியல். அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாது. காரத்தன்மையுள்ள ஒரு கரைசலில் ஆக்சிஜன் நீங்கினால்தான் கரையும். நாள்பட்டுப் புளித்த சிறுநீர் அந்தக் காரத்தையும் தரும், அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களையும் தரும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது கம்பளி மஞ்சள்பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். நம் பக்கத்தில் இதே வேலையைச் சுண்ணாம்பும் தகரை விதையும் செய்தன. தொட்டியின் பக்குவம் மூக்குக்குத் தெரியும், கைக்குத் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சலா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கும் அறிவு போன்றது அது.

இந்த அறிவைக் ‘கிராமத்து எளிமை’ என்று கொண்டாடும்போது அதன் உழைப்பு மறைந்துவிடுகிறது. தண்ணீரைச் சுமந்து வர வேண்டும். விறகு வேண்டும். பட்டையையும் இலையையும் பாசியையும் பருவம் தெரிந்து சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் பகல் சில மணி நேரமே இருக்கும் ஊர் அது. சமையலும் குழந்தையும் பண்ணையும் போக மிஞ்சும் வெளிச்சத்தில் நெய்ய வேண்டும். ஹன்ஸ் நல்ல துணை. தறி செய்தார், பண்ணையைப் பார்த்துக்கொண்டார். ஓவியராக இருந்த கணவர், நெய்யும் மனைவிக்காகத் தச்சு வேலை செய்தார் என்பது அந்தக் காலத்துக்கு மட்டுமில்லை, இந்தக் காலத்துக்கும் அபூர்வம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அந்தப் பண்ணையைச் சொர்க்கமாக்கவும் வேண்டியதில்லை.

ஹன்னாவின் துணிகளில் என் மனதில் அதிகம் தங்கியவை சர்வாதிகாரிகள் இருப்பவை அல்ல. தாய்மார்கள் இருப்பவை. 1937இல் ‘மணமாகாத தாய்’. 1938இல் ‘தலை வெட்டப்பட்ட லீசலோட்டே ஹெர்மான்’. 1947இல் ‘தாயின் இதயம்’. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பாசிச எதிர்ப்புத் துணிகள் ஒரு வரிசை, குடும்பத் துணிகள் இன்னொரு வரிசை என்று பிரித்துவிடுகிறார்கள். லீசலோட்டே ஹெர்மான் ஜெர்மானியக் கம்யூனிஸ்ட். ரகசிய ஆயுத உற்பத்தி பற்றிய தகவல்களை வெளியே அனுப்பியதற்காகக் கைதானவர். 1938 ஜூன் 20 அன்று பெர்லினில் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது அவரது மகனுக்கு நான்கு வயது. அந்தச் செய்தியை ஹன்னா அதே ஆண்டு நெய்தார். துணியில் குழந்தையும் இருக்கிறது. ‘தாயின் இதயம்’ வேறு மாதிரி. அதில் எந்த அரசும் இல்லை. மகள் மோனாவுக்கு வலிப்பு நோய் இருந்தது. அந்தப் பயத்தோடு வாழ்ந்த ஆண்டுகள்தான் அதில் இருக்கின்றன.

ஊர் ஒதுக்கும் தாய், அரசு கொல்லும் தாய், இரவில் விழித்திருக்கும் தாய். மூவரையும் ஒரே கம்பளியில், ஒரே அளவுப் பொறுமையோடு நெய்தவருக்கு வீட்டு விஷயம், நாட்டு விஷயம் என்ற பிரிவு இருந்திருக்குமா? தாய்மையை அவர் புனிதப்படுத்தினாரா என்ற கேள்வியை ஒரு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நம் மேடைகளில் தாய் என்ற சொல் எப்படியெல்லாம் பயன்படுகிறது என்று தெரிந்த யாரும் கேட்கவேண்டிய கேள்வி. என் பதில் இது: புனிதத் தாய்க்கு வழக்கு இருக்காது, கட்சி இருக்காது, அவப்பெயர் இருக்காது. ஹன்னாவின் தாய்மார்களுக்கு இவை இருக்கின்றன. மாணவிக்கு அந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை, எனக்கும்தான். ஓர்லாந்தில் உட்கார்ந்து அவர் தேர்ந்தெடுத்த பெண்களில் இவ்வளவு பேர் தாய்களாக இருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அவரது துணிகளில் பெரும்புகழ் பெற்றது ‘6 அக்டோபர் 1942’. நார்வேயை ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த காலம். ஓர்லாந்தில் போர்க்கைதிகளைக் கொண்டு ஜெர்மானியர் விமானதளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்டோபர் 6 அன்று டிரோன்ஹெய்ம் பகுதியில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. பிணையாகப் பிடிக்கப்பட்ட பத்துப் பேர் உடனே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நகரின் நாடக அரங்க இயக்குநர் ஹென்றி கிளெடிச். அடுத்த ஆண்டே ஹன்னா இதை நெய்தார். துணியில் கிளெடிச் சாய்கிறார். ஹிட்லர் கேலிப் பொருளாக மிதக்கிறார். கோட்டை ஒன்றில் சர்ச்சில் நிற்கிறார். கொந்தளிக்கும் நீரில் ஒரு படகில் ஹன்னாவும் ஹன்ஸும் மோனாவும் இருக்கிறார்கள். எதிரியின் விமானதளத்துக்குப் பக்கத்தில், தன் வீட்டுத் தறியில், இப்படி ஒன்றை நெய்வது எத்தனை ஆபத்தான வேலை என்று சொல்லத் தேவையில்லை. 1944இல் ஹன்ஸ் கைதாகி கிரினி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு ஹன்னா நெய்த துணியின் பெயர் ‘கிரினி’.

அந்தக் கோட்டையில் நிற்கும் சர்ச்சிலைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துகிறது. ஹன்னா அந்தத் துணியை நெய்த 1943ஆம் ஆண்டுதான் வங்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்த ஆண்டு. அங்கே தானியக் கப்பல்களை அனுப்பத் தயங்கிய அமைச்சரவைக்குத் தலைவர் இதே சர்ச்சில். ஆக்கிரமிக்கப்பட்ட நார்வேயின் ஒரு மூலையில் இருந்த பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமும் இல்லை. ஆனால் நாம் பார்வையாளர்களாக நிற்கும் இடம் வேறு. நார்வேயில் மீட்பராகத் தெரிந்தவர் வங்கத்தில் அப்படித் தெரியவில்லை. ஐரோப்பிய விமர்சகர்கள் இந்தத் துணியை விளக்கும்போது இந்த உறுத்தல் அவர்களுக்கு வருவதில்லை. வரவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. நாமும் அவர்களுடைய விளக்கத்தையே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் வராது. ‘எத்தியோப்பியா’விலும் ஒரு நாட்டின் எதிர்ப்புக்கு முகமாக வருபவர் அதன் பேரரசர் ஹைலே செலாசி. மன்னர்களும் தலைவர்களும் வரலாற்றை நடத்துகிறார்கள் என்ற பார்வையிலிருந்து ஹன்னாவின் தறி முழுவதுமாக விடுபடவில்லை. அவர் விடுபட்ட இடங்கள் அந்தத் தாய்மார்களும், அந்தச் சின்னப் படகும்.

அவருக்கு அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. 1964இல் வெனிஸ் இருபதாண்டு அல்ல, ஈராண்டுக் கலைக்காட்சியில் நார்வே சார்பில் அவரது துணிகள் தொங்கின. அப்போது அவருக்கு வயது 70. தனியார் வீட்டுச் சுவர்களுக்கு விற்பதை அவர் விரும்பவில்லை. எல்லோரும் பார்க்கும் பொது இடங்களில் இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1966இல், எழுபது கடந்த வயதில், வியட்நாம் போரைப் பற்றி ‘புல்லில் ரத்தம்’ நெய்தார். கௌபாய் தொப்பியோடு அமெரிக்க அதிபர் ஜான்சன் அதில் நிற்கிறார். பச்சையும் சிவப்பும் மட்டுமே பேசும் துணி அது. கிழவிக்குக் கோபம் ஆறவே இல்லை.

அங்கீகாரம் என்று எழுதும்போது அத்தையின் நினைவு வந்துவிடுகிறது. 2019–20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் சுமார் 72 சதவீதம் பெண்கள். இந்த எண்ணில் வீட்டுத் தறியில் தாங்களே நெய்யும் வடகிழக்கு மாநிலப் பெண்கள் பெரும்பங்கு. எல்லோரையும் அந்தக் கணக்கெடுப்பு நெசவாளர், சார்புத் தொழிலாளர் என்று பிரிக்கிறது. தார் சுற்றுவதும் பாவு தயாரிப்பதும் சார்புத் தொழில். அத்தை இரண்டிலும் இருந்தாரா, எதிலும் இல்லையா என்று எனக்குத் தெரியாது. கரை நாடாவைத் தள்ளிய கை எந்தக் கட்டத்தில் வரும்? ஹன்னா தன் நூலைத் தானே நூற்றதால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்தார். இப்படித் தப்பிப்பது எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கும் வழி இல்லை. ஓவியப் பயிற்சியும், தனக்கென்று ஒரு தறியும், ‘இது என் வேலை’ என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தன. அத்தைக்கு ராட்டை மட்டும்தான் இருந்தது, அதுவும் மாமியாருடையது.

கடைசியாக ஒரு துணி. 1958இல் ஆஸ்லோவின் புதிய அரசுத் தலைமைக் கட்டடத்துக்காக ஹன்னா ‘நாம் ஒரு நட்சத்திரத்தில் வாழ்கிறோம்’ என்ற பெரிய துணியை நெய்துகொடுத்தார். நீலத்தின் நடுவே ஆடையில்லாத ஓர் ஆணும் பெண்ணும் தழுவி நிற்கிறார்கள். அதிகாரிகளும் அமைச்சர்களும் நுழையும் கூடத்தில் அது தொங்கியது. 2011 ஜூலை 22 அன்று ஒரு வலதுசாரிப் பயங்கரவாதி அந்தக் கட்டடத்தின் வாசலில் குண்டு வைத்தான். அங்கே எட்டுப் பேர் இறந்தார்கள். அன்றே உத்தோயா தீவில் 69 பேரைக் கொன்றான், பெரும்பாலும் இளைஞர்கள். அவன் எழுதி வைத்திருந்த நீண்ட அறிக்கையில் எதிரிகளின் பட்டியலில் பெண்ணியமும் இருந்தது. வெடிப்பில் ஹன்னாவின் துணி கிழிந்தது.

ஓவியமாக இருந்திருந்தால் எப்படிச் சரிசெய்திருப்பார்களோ தெரியாது. துணியைத் துணிபோலத்தான் சரிசெய்தார்கள். ஊசி எடுத்து, இழை சேர்த்து. கிழிந்த இடத்தை முழுவதுமாக மறைக்காமல் தழும்பு தெரியும்படி விட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். என்னிடம் இருக்கும் நகலைப் பெரிதாக்கித் தேடினேன். அந்த அளவு நகலில் தெரியவில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கண்டுபிடிப்பார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவருக்கும் தெரியவில்லை. “நல்லா இழை ஓட்டியிருக்காங்க” என்று மட்டும் சொன்னார்.